கலவாய் பிடிக்கப் போன தையல் அக்கா

என் கடைக்கு அடுத்த கதவு அவருடைய தையல் கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். பதினோரு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஆணியும் பூட்டும் தூண்டில் சாமான்களும் விற்றேன். அந்தப் பக்கம் அவர் பள்ளிச் சீருடை தைத்தார். மெஷின் சத்தத்தை வைத்தே அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். சத்தம் நின்று வெகுநேரம் ஒன்றும் கேட்காமல் இருந்தால், அக்கா எதையோ பிரித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பிரிப்பது என்றால் தைத்த தையலைப் பிரிப்பது. வேறு தையல்காரர்களும் பிரிப்பார்கள்தான். ஆள் போன பிறகு, யாரும் பார்க்காதபோது பிரிப்பார்கள். இவர் ஆள் முன்னாலேயே பிரிப்பார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

ஒருநாள் ஒரு தாய் தன் மகளின் வெள்ளைச் சீருடையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் கழித்து அக்கா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் என் கடையைத் தாண்டி ஓடினார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில், கலகெதர பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட அந்தப் பெண்ணிடமிருந்து பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டு நனைந்தபடி வந்தார்.

"என்ன அக்கா, காசு தராமப் போய்ட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் குடுத்துட்டாங்க. வலது கை கொஞ்சம் ஏறி நிக்குது தம்பி. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருச்சே."

அன்று மாலை முழுக்கச் சுவருக்கு அப்பால் மெஷின் ஓடவில்லை.

அக்கா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தையல் பழகுவதற்காகச் சின்ன வயதிலேயே கண்டிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டார். கணவர் நகரசபையில் வேலை பார்த்து, ஓய்வு பெறுவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள், கணக்காளர் படிப்புப் படித்து வேலைக்காகத் திருகோணமலைக்குப் போனவள், அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இவ்வளவுதான் அப்போது எனக்குத் தெரியும். மருமகனை நான் பார்த்ததே இல்லை. அவரைப் பற்றி அக்கா பேசியதும் இல்லை.

பிரிக்கிற பழக்கம் துணியோடு நிற்கவில்லை. எங்கள் கடைகளுக்கு எதிரே சலூன் வைத்திருந்தவர் ஒரு சிங்களவர். தையல் கடைக் கதிரையை அவர் கேட்காமல் எடுத்துக்கொண்டார் என்று அக்கா ஒருநாள் நடுச்சந்தில் நின்று அவரை ஏசிவிட்டார். பின்னேரம் ஞாபகம் வந்தது. அந்தக் கதிரையை முதல் நாள் அக்காவேதான் சலூனுக்குக் கொடுத்திருக்கிறார். நான் சொன்னேன், "நாளைக்கி ஆளில்லாத நேரம் பாத்து சொல்லுங்க அக்கா, அவர் நல்ல மனுசன், ஒண்டும் நினைக்க மாட்டார்."

"ஏசும்போது ஆள் இருந்தாங்களே" என்றார்.

நேரே சலூனுக்குள் போனார். முகம் முழுக்க நுரையோடு இரண்டு பேர் கதிரையில் இருந்தார்கள், ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று பேர் முன்னாலும் உடைந்த சிங்களத்தில், பிழை என்னுடையது, கதிரையைக் கொடுத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தார். சலூன்காரர் கையில் சவரக்கத்தியோடு வாசல்வரை வந்து பார்த்தார்.

ஒரு வைகாசி மாதம் மத்தியானம், ஆளில்லாத நேரம், அக்கா என் கடைக்குள் வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"தம்பி, கலவாய் பிடிக்கிறதுக்கு என்ன வேணும்?"

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். "கலவாயா? காலையிலயே மார்க்கட்டுக்குப் போனா ஐஸ்ல போட்டு வச்சிருப்பாங்க அக்கா."

"வாங்கிறதுக்கு இல்ல. பிடிக்கிறதுக்கு."

என்னிடம் தூண்டில் வாங்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மகாவலிக் கரையிலோ பொல்கொல்லையிலோ போய் உட்காருகிறவர்கள். திலாப்பியாவும் கெண்டையும்தான் அவர்களுக்குக் கணக்கு. கலவாய் கடல்மீன். பாறைப் பொந்துகளில் இருப்பது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் கண்டியிலிருந்து பாதி நாள் பஸ்ஸில் இருக்க வேண்டும்.

"யார் போற?"

"நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். ஐம்பத்தாறு வயது, ஒரு முழங்காலில் வலி, கண்டி வாவியில் படகில்கூட ஏறாதவர். சிரித்தது ஒரு பிழை என்றால் அதற்குப் பிறகு செய்தது பெரிய பிழை. ஒரு வருடமாக விலைபோகாமல் கிடந்த மெல்லிய தூண்டில் கம்பு ஒன்று என்னிடம் இருந்தது. சிவப்பு ரீல், பார்க்க அழகாக இருக்கும். அதையும் மெல்லிய தங்கூசி என்கிற நைலோன் நூலையும் சின்னச் சின்னத் தூண்டில் முட்கள் உள்ள ஒரு பெட்டியையும் எடுத்து முன்னால் வைத்து, "புதுசாத் தொடங்குறவங்களுக்கு இதுதான் பொருத்தம்" என்றேன். அக்கா காசை எண்ணிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நாலு நாள் கழித்து எல்லாவற்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மகள்கிட்ட போன்ல சொன்னேன். அவ அங்க பக்கத்து வீட்டுல விசாரிச்சிருக்கா. இது குளத்து மீனுக்காம். கலவாய் கடிச்சா இந்தக் கம்பு வாழைத்தண்டு மாதிரி முறிஞ்சிடுமாம்."

அக்கா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியாமக் குடுத்தீங்களா தம்பி, தெரிஞ்சு குடுத்தீங்களா?"

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பேன். அளவு கேட்பதுபோலக் கேட்டார்.

"தெரிஞ்சுதான் அக்கா."

"சரி. அப்ப பிரிச்சிரலாம். மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பகிடிக்குக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் அந்தச் சிவப்பு ரீலைப் பார்த்தால் முகம் சுடுகிறது.

அன்றைக்குத்தான் தெரிந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். இருபது வயதிலிருந்து வருடத்தில் ஓரிரு தடவை என் கூடப்பிறந்த நானாவோடு திருகோணமலைப் பாறைகளுக்குப் போய்ப் பழகியது அது. கலவாய் வெளியில் ஓடித் திரிகிற மீன் இல்லை. பொந்துக்குள் இருந்து எட்டிப் பார்க்கும், இரையைக் கவ்வும், கவ்விய கையோடு பொந்துக்குத் திரும்பும். அந்த முதல் ஒன்றிரண்டு வினாடியில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். அதனால் வளைந்து கொடுக்காத கட்டையான கம்பு வேண்டும். நூல் தடிப்பாக இருக்க வேண்டும், பாறையில் உரசினாலும் தாங்குகிற மாதிரி.

"முள் எத்தனை?"

"ஒண்டு போதும். பெலமான முள்ளா ஒண்டு."

"ஏன் ஒண்ணு? மூணு போட்டா மூணு மீன் வராதா?"

"மூணு போட்டா மூணு இடத்துல கல்லுல மாட்டும்."

ஈயக்குண்டு பற்றிச் சொன்னபோதுதான் அவர் நிறையக் கேள்வி கேட்டார். பாறையில் தூண்டில் போட்டால் ஈயம் இடுக்கில் சிக்கும். சிக்கினால் இழுத்து எடுக்க முடியாது. அதனால் ஈயத்தை மட்டும் பலமில்லாத நூலில் தனியாகக் கட்ட வேண்டும். சிக்கினால் ஈயம் போகும், மற்றதெல்லாம் கைக்கு வரும். "கல்லுல மீன் பிடிக்கப் போனா ஈயம் போறதுக்கு அழ ஏலா அக்கா" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "போறதுக்குன்னே ஒண்ணக் கட்டி அனுப்புறது" என்றார். அது அவருக்குப் பிடித்திருந்தது.

முடிச்சு ஒரே ஒரு தடவைதான் காட்டினேன். தங்கூசி வழுக்கும் நூல், இறுக்குவதற்கு முன் எச்சில் தொட வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வாயில் வைத்து நனைத்துவிட்டார். நாற்பது வருடமாக ஊசியில் நூல் கோத்தவர். அவர் போட்ட முடிச்சைக் குறட்டால் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அடுத்த வாரங்களில் பின்னேரம் கடை சாத்துவதற்கு முன் கட்டடத்தின் மேல்தட்டுக்கு ஏறி எறிந்து பழகினார். பத்தடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் பேசின். அதற்குள் ஈயம் விழ வேண்டும். முதல் நாள் எறிந்த ஈயம் சலூனின் தகரக் கூரையில் போய் விழுந்தது. சலூன்காரர் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். மேலே நின்ற அக்கா ஒளிந்துகொள்ளவில்லை. கம்பைத் தூக்கிக் காட்டி, நான்தான், நான்தான் என்று சைகை செய்தார்.

பிறகு இரை. இறாலை எல்லா மீனும் தின்னும், சின்ன மீன்கள் கொத்திக் கொத்தி முள்ளை வெறுமையாக்கிவிடும். சாளை நல்லதுதான், ஆனால் சதை மெத்தென்று இருக்கும். எறிகிற வேகத்திலேயே முள்ளிலிருந்து கழன்று போகும். புதிதாகப் பழகுகிறவருக்குக் கணவாய்தான் சரி. நீளமாகக் கீறி உப்புப் போட்டு வைத்தால் இறுகிவிடும், முள்ளை விட்டுப் போகாது.

"பிடிக்கிறது கலவாய், போடுறது கணவாய்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்படியும் ஒருநாள் மார்க்கட்டில் மாற்றிக் கேட்டுக் கலவாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதில் என் மனைவி ஆணம், குழம்புதான், காய்ச்சினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு மீன் வாடை ஆகாது. அவர் கடையில் எப்போதும் வெள்ளைத் துணி கிடக்கும், வெள்ளைத் துணியில் வாடை ஒட்டினால் துவைத்தாலும் போகாது என்பார். கெலிஓயாவிலுள்ள என் வீட்டிலிருந்து நான் மீன் ஆணம் கொண்டுவந்த நாட்களில் சுவருக்கு அப்பாலிருந்து குரல் வரும்: "தம்பி, கதவச் சாத்திட்டுச் சாப்பிடுங்க." அப்படிப்பட்டவர் என் கடைப் பின்னறையில் பழைய பேப்பரை விரித்து, கையுறைகூடப் போடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவாய் கீறிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்பு மை. அன்று என் மனைவியும் கடைக்கு வந்திருந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் அக்கா உங்களுக்கு இந்த வேல? என்னத்துக்கு இப்புடிக் கஷ்டப்படுறீங்க?"

அக்கா கீறுவதை நிறுத்தவில்லை. கீறிக்கொண்டே சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன், கல்யாணம் பேசி முடிந்த சமயம், மகள் அந்தப் பையனைக் கண்டிக்குக் கூட்டிவந்திருக்கிறாள். அவர் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். மீன்பெட்டிகளுக்கு ஐஸ் போடுகிற இடம். ஓய்வு நாட்களில் பாறைக்குப் போய்த் தூண்டில் போடுவார். கல்யாணச் சட்டையை நானே தைக்கிறேன் என்று அக்கா ஆசையாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை கடையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்திருக்கிறார். அக்கா அளவு நாடாவோடு கிட்டப் போனார், வாடை வந்தது, அல்லது வந்தது என்று நினைத்தார். பின்னால் ஒரு அடி வைத்தார். மகளைப் பார்த்து, "அவரோட பழைய சட்ட ஒண்ண அனுப்பச் சொல்லு, அதுல அளவு எடுத்துக்கிறேன்" என்றார்.

"அவர் கையக் கீழ விட்டாரு பாருங்க" என்றார் அக்கா. "மெதுவா விட்டாரு. அத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பவே, அந்த நிமிசமே, மாப்ள நில்லுங்கன்னு கூப்பிட்டுத் திரும்ப அளவெடுத்திருக்கலாம். எத்தனையோ பேரு முன்னால எத்தனையோ பிரிச்சவ. அன்னைக்கு ஏனோ கை வரல."

மருமகன் கல்யாணத்துக்குக் கடையில் வாங்கிய சட்டையைத்தான் போட்டார். பழைய சட்டை எதுவும் அனுப்பவில்லை. அதற்குப் பிறகு கண்டிக்கு வரவில்லை. அக்கா அங்கே போன இரண்டு தடவையும் மரியாதையாக "வாங்கோ" என்றார், "போட்டு வாங்கோ" என்றார், நடுவில் ஒரு வார்த்தை இல்லை. போனில் அக்கா மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பரவாயில்லையாம் என்று மகள்தான் பதில் சொன்னாள். கடைசியாக அந்தச் சித்திரையில் மகள் சொல்லிவிட்டாள்: "இனி நான் மட்டும் தனியா வரமாட்டேன்மா. நடுவுல நின்னு எனக்குக் களைச்சுப் போச்சு."

"அதுக்கும் மீன் பிடிக்கிறதுக்கும் என்ன?" என்று கேட்டேன்.

"அவரு வீட்டுல யார்கூடவும் பேசமாட்டாராம், சுபாவமே அப்படி. பாறையில நின்னா மட்டும் பேசுவாராம். மக சொன்னா." உப்பைத் தூவிப் போத்தலை மூடினார். "அப்ப பாறைக்குத்தானே போகணும்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமலேயே, "எங்கட வேன்ல போகலாம். நாங்களும் வாறோம்" என்றாள்.

அக்கா மகள் மூலம் மருமகனுக்குச் சொல்லி அனுப்பினார்: உங்கள் மாமி மீன் பிடிக்க வருகிறார், பாறையில் நிற்க ஒரு இடம் வேண்டும். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மகள் அழைத்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "என்ன நூல் வச்சிருக்கிறா?"

அக்கா போனை வைத்த கையோடு என் கடைக்கு வந்து அதைச் சொன்னார். நூலின் பெயரையும் தடிப்பையும் ஒரு துண்டுப் பேப்பரில் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

ஆவணியில் திருகோணமலைக்குப் போனோம். கடல் அமைதியாக இருந்தது. ஊருக்கு வடக்கே, வெள்ளை மணல் முடிகிற இடத்தில் பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. மருமகன் எங்களுக்கு முன்பே அங்கே நின்றார். மெலிந்த உயரமான ஆள், முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதிருக்கும். "வாங்கோ" என்றார். எனக்கும் என் மனைவிக்கும் தலையசைத்தார். பிறகு அக்காவின் பையைப் பார்த்தார்.

மகளும் என் மனைவியும் மணலிலேயே இருந்துவிட்டார்கள். நாங்கள் மூவரும் பாறையில் ஏறினோம். அக்கா உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தார். கை கொடுக்கலாமா என்று நான் யோசித்த இடங்களில் மருமகன் நின்று காத்திருந்தார், கை கொடுக்கவில்லை.

தட்டையான ஓரிடத்தில் நின்று அவர் அக்காவின் தூண்டிலை வாங்கிப் பார்த்தார். முள்ளை விரலால் தடவினார். முடிச்சை இழுத்தார்.

"ஆர் கட்டினது?" என்று என்னைக் கேட்டார்.

"அவங்கதான்."

ஈயத்திடம் வந்ததும் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். ஈயத்தைப் பலமில்லாத தங்கூசியில் கட்டச் சொல்லித்தான் நான் கொடுத்திருந்தேன். அக்கா அதை மாற்றி, சட்டை தைக்கிற வெள்ளைப் பருத்தி நூலை இரண்டு மடிப்பாக்கிக் கட்டியிருந்தார். எனக்கே அது தெரியாது.

"இது தையல் நூலெல்லோ."

"ஆமா மாப்ள. இழுத்தா டக்குன்னு அந்துரும். எனக்கு இந்த நூல்தான் பழக்கம், எவ்வளவு தாங்கும்னு கைக்குத் தெரியும்."

மருமகன் தன் தூண்டில் ஈயத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, "அந்த நூல் இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார். அக்கா பையிலிருந்து நூல்கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

முதல் ஒரு மணித்தியாலம் ஈயம் போவதும் கட்டுவதுமாகவே கழிந்தது. அக்கா ஒவ்வொரு தடவையும் உப்புக் கணவாய்ப் போத்தலுக்குள் கையை விட்டு இரை எடுத்துக் கோத்தார். வெயில் ஏற ஏற அந்த வாடைக்கு நானே காற்றடிக்கிற பக்கம் தள்ளி நின்றேன். மருமகன் ஒரு பழந்துணியை நீட்டினார். "இருக்கட்டும்" என்றார் அக்கா. பிறகு கம்பைப் பிடித்தபடியே, கடலைப் பார்த்தபடியே சொன்னார்:

"மாப்ள, அன்னைக்கு உங்க மேல வாடைன்னு நான் பின்னால போனேன். அது பெரிய தப்பு. என் எடத்துல வச்சு உங்கள அப்படிச் செஞ்சேன். அதான் உங்க எடத்துக்கு வந்து சொல்றேன்."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மாமி, நூலைப் பாருங்கோ" என்றார் மருமகன்.

நூல் சரசரவென்று ஓடியது. அக்கா பிடித்தார், ஆனால் ஒரு நொடி தாமதம். மீன் பொந்துக்குள் போய்விட்டது. கம்பு வளைந்து நின்றது, அக்கா இரண்டு கையாலும் இழுத்தார், பாறையையே இழுப்பது போலிருந்தது.

"இழுக்காதேங்கோ. இழுத்தா இன்னும் உள்ளுக்குப் போய்ப் பொத்திப் பிடிச்சுக்கொண்டிருக்கும். நூலைத் தளர விடுங்கோ. அது மறந்துபோய் வெளியில வரும்."

அக்கா நூலைத் தளர்த்தினார். காத்திருந்தோம். பத்து நிமிடமோ கால் மணித்தியாலமோ. மருமகன் அக்காவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு நூல் தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்தபடிதான் பேசினார், பெரிதாக ஒன்றுமில்லாத விஷயத்தைச் சொல்வதுபோல.

"அண்டைக்கு நான் குளிச்சுப்போட்டுத்தான் வந்தனான், மாமி. ரெண்டு தரம். இங்க பஸ் ஏற முந்தி ஒருக்கா. கண்டியில இறங்கி, அங்க ஒரு லொட்ஜில காசு குடுத்து ஒருக்கா."

அதுவரை, கணவரின் நினைவு நாட்களில்கூட, அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைய அழுகையிலும் சத்தம் இல்லை. கணவாய் மை பிடித்த கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல், கம்பை விடவும் முடியாமல் அப்படியே நின்றார்.

மருமகன் ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து, அந்தப் பழந்துணியைக் கடல் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் தயங்கிவிட்டு, தானே அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து நூல் நகர்ந்தது. "இப்ப, இப்ப" என்றார் அவர். அக்கா இழுத்தார். மீன் வெளியே வந்துவிட்டது, தண்ணீருக்குக் கீழே பழுப்பு நிறமாகப் புரண்டதை நாங்கள் மூவரும் பார்த்தோம். முழங்கை நீளம் இருக்கும். பாறை விளிம்பில் நூல் ஒரு தடவை உரசியது, அவ்வளவுதான், கம்பு நிமிர்ந்துவிட்டது.

அக்கா வெறும் நூலைச் சுற்றி எடுத்தார். மருமகன் அதன் நுனியை விரலில் வைத்துப் பார்த்தார். முறிந்த இடம் பிசிர் பிசிராக இருந்தது.

"முடிச்சு விடேல்லை மாமி. கல்லுத்தான் வெட்டினது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் ஒன்று சற்று ஏறி நின்றது. அவர் சிரித்துத் தான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு வேனில் அக்கா சொன்னார்.

அன்று நாங்கள் கொண்டுவந்தது என் தூண்டிலில் பட்ட இரண்டு சின்ன மீன்கள்தான்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மருமகன் கண்டிக்கு வர இன்னும் ஆறு மாதம் ஆனது. வந்தபோதும் முதலில் என் கடையில்தான் வந்து உட்கார்ந்தார். "அண்ணை, இந்த முள்ளு எங்க எடுக்கிறனீங்கள்" என்று அரை மணித்தியாலம் பேசிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் கடையை நேரத்தோடு சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை, கடல் நன்றாக இருக்கிற மாதங்களில், அக்கா மாதம் ஒருமுறை போய்வந்தார். நான் கூட்டிப்போக வேண்டிய தேவை இருக்கவில்லை. தானே பஸ் ஏறினார். கம்பைப் பழைய திரைச்சீலைத் துணியில் உறை தைத்துப் போட்டுக்கொண்டு போவார். ஒரு தடவை பெரிய கலவாய் ஒன்றைப் பிடித்ததாகப் போனில் படம் அனுப்பினார். படத்தில் மீன் பாதிதான் தெரிந்தது, மிச்சம் முழுக்க அவருடைய பெருவிரல். பிறகு கண்ணில் படலம் விழுந்தது. வெட்டி எடுத்தும் பழைய பார்வை வரவில்லை. கறுப்புத் துணியில் கறுப்புத் தையல் தெரியவில்லை என்றார். பிழை தெரியாமல் தைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. கடையை விட்டுவிட்டு மகளோடு போய் இருந்துகொண்டார்.

இப்போது அங்கே போன் திருத்துகிற கடை. பலகைச் சுவருக்கு அப்பால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறது. சில நேரம் பாட்டு நின்றால் நான் என்னையறியாமல் காது கொடுக்கிறேன்.

போன மாதம் மகள் அழைத்தாள். அங்கே கிடைக்கிற முட்கள் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம், என் கடையில் வாங்கிய அதே முள்தான் வேண்டுமாம், பஸ்ஸில் போட்டுவிட முடியுமா என்று கேட்டாள். அவள் பேசும்போதே பின்னால் இரண்டு குரல்கள் கேட்டன.

"சாளைக்குத்தான் மீன் எடுக்கும் மாமி. நான் இருவது வருசமாப் பிடிக்கிறன்."

"எடுக்கும். எடுத்துட்டு ஓடிரும். முள்ளுல நிக்க வேணாமா? கணவாயத்தான் போடணும்."

"கணவாய் ஆக்கள் தின்னுற சாமான். கறிக்கு வச்சிருந்ததையெல்லோ நீங்கள் கீறி உப்புப் போட்டனீங்கள்."

"நான் இன்னும் சொல்லி முடிக்கல மாப்ள."

"நானும் முடிக்கேல்லை."

"விடியக்காலையில இருந்து இதுதான் மாமா" என்றாள் மகள். "ஊமையாட்டம் இருந்த மனுசன். இப்ப எனக்கு ஒரு போன் பேச வழியில்ல."

எத்தனை முள் வேண்டும் என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் நான் இன்னும் இரண்டு தடவை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது.